இல்லாத ஃபிளாப்பியைத் தேடும் பயாஸ்

பவர் பட்டனை அமுக்கியதும் கம்ப்யூட்டருக்குள் முதலில் கண் விழிப்பது விண்டோஸும் இல்லை, லினக்ஸும் இல்லை. மதர்போர்டில் ஒரு சின்ன சிப்புக்குள் குடியிருக்கும் பயாஸ். (புது மெஷின்களில் அதன் வாரிசான யூஇஎஃப்ஐ. இரண்டுக்கும் பொதுப்பெயர் ஃபர்ம்வேர்.) மளிகை மண்டியில் முதலாளி வருவதற்கு முன்பே வந்து கடையைத் திறக்கும் குமாஸ்தா மாதிரி அது. மெமரி எவ்வளவு இருக்கிறது, டிஸ்க் எங்கே இருக்கிறது, என்னென்ன கார்டு செருகியிருக்கிறார்கள் என்று வரிசையாக இருப்பு எடுக்கும். எடுத்து முடித்ததும் இயங்குதளத்தின் கையில் சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும்.

இப்போது விர்ச்சுவல் மெஷினை நினைத்துப் பாருங்கள். லினக்ஸ் பழகுவதற்காக விர்ச்சுவல்பாக்ஸ் போட்டவர்கள் பார்த்திருப்பீர்கள், விண்டோஸுக்குள் ஒரு பெட்டி, அந்தப் பெட்டிக்குள் இன்னொரு முழு கம்ப்யூட்டர். அதை ஆன் செய்தால் அங்கேயும் கறுப்புத் திரையில் பயாஸ் எட்டிப் பார்க்கும். அதுவும் இருப்பு எடுக்கும். ஆனால் அந்தக் கடைக்குள் சரக்கே கிடையாது. சிப் இல்லை, ஒயர் இல்லை, ஸ்லாட் இல்லை. பிறகு அது எதை எண்ணுகிறது? யாரிடம் பேசுகிறது?

பதில் சொல்ல ஒரு நல்ல உதாரணம் க்யூஎமு. ஃபாப்ரிஸ் பெல்லார்ட் என்ற பிரெஞ்சுக்காரர் 2003இல் வெளியிட்ட திறமூல மென்பொருள். ஒரு முழு கம்ப்யூட்டரை வெறும் நிரலாகவே நடித்துக் காட்டும். 2005-06 வாக்கில் இன்டெல்லும் ஏஎம்டியும் பிராசசரிலேயே மெய்நிகராக்கத்துக்கு வசதி செய்து கொடுத்தன. அதைப் பயன்படுத்தும் கேவிஎம் 2007இல் லினக்ஸ் கெர்னலுக்குள் வந்தது. அதன்பிறகு பிராசசரை நடிக்க வேண்டிய தேவை போய்விட்டது. கெஸ்ட்டின் கட்டளைகள் நிஜ பிராசசரிலேயே நேரடியாக ஓடும். நடிக்க வேண்டியது சாதனங்களை மட்டும்தான்.

சரி, பட்டனை அமுக்கியாயிற்று. எக்ஸ்86 பிராசசர் விழித்ததும் கண்ணை மூடிக்கொண்டு போகும் இடம் ஒன்றே ஒன்று, 4 ஜிபி எல்லைக்குச் சரியாக 16 பைட் கீழே. நிஜ போர்டில் அந்த முகவரியில் ஃபிளாஷ் சிப் இருக்கும். க்யூஎமுவில் அங்கே ஒரு ஃபைலை ஏற்றி வைத்திருப்பார்கள். அந்த ஃபைல்தான் சீபயாஸ் என்ற ஃபர்ம்வேர். (பழைய போக்ஸ் எமுலேட்டரின் பயாஸை சி மொழிக்கு மாற்றி எழுதியதில் பிறந்தது. விர்ச்சுவல்பாக்ஸின் பயாஸுக்கும் மூலம் அதே போக்ஸ்தான், ஆக இருவரும் பங்காளிகள்.) மொத்த அளவு 128 அல்லது 256 கேபி. ஒரு செல்ஃபோன் படத்தைவிடச் சின்னது.

இதுவரை யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. மெமரியில் கட்டளை இருக்கிறது, பிராசசர் ஓட்டுகிறது, அவ்வளவுதான். வேடிக்கை ஆரம்பிப்பது ஃபர்ம்வேர் முதல்முறை ஒரு சாதனத்தோடு பேச முயலும்போது.

எக்ஸ்86 உலகில் சாதனங்களோடு பேச ஒரு பழைய வழி போர்ட்கள். வங்கிக் கவுண்ட்டர் மாதிரி, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், மொத்தம் 65,536. ஒரு கட்டளை கவுண்ட்டருக்குள் எண்ணைத் தள்ளும், இன்னொரு கட்டளை அங்கிருந்து எண்ணை வாங்கிக்கொள்ளும். கடிகார சிப் வேண்டுமா, 70ஆம் கவுண்ட்டர். கீபோர்டு வேண்டுமா, 60ம் 64ம். (இங்கே வரும் போர்ட் எண்கள் எல்லாம் ஹெக்ஸாடெசிமல்.) இன்னொரு வழி, சாதனத்தின் ரெஜிஸ்டர்களை மெமரி முகவரி மாதிரியே காட்டுவது.

விர்ச்சுவல் மெஷினுக்குள் சீபயாஸ் 70ஆம் கவுண்ட்டரில் ஓர் எண்ணைத் தள்ளியதும் பிராசசர் அப்படியே கெஸ்ட்டை உறைய வைத்துவிடும். கட்டுப்பாடு ஹோஸ்ட்டில் இருக்கும் கேவிஎம்முக்குப் போகும். "70இல் இந்த எண்ணைப் போட்டிருக்கிறது, என்ன செய்ய?" என்று கேவிஎம் க்யூஎமுவைக் கேட்கும். க்யூஎமுவுக்குள் கடிகார சிப்பாக நடிக்கும் ஒரு சின்ன ஃபங்ஷன் இருக்கிறது. அது எண்ணைக் குறித்துக்கொள்ளும். அடுத்து கெஸ்ட் 71ஐ வாசிக்கும்போது மறுபடி உறைதல், மறுபடி விசாரணை, இந்தத் தடவை ஒரு பதில். அந்தப் பதிலை கெஸ்ட்டின் ரெஜிஸ்டரில் வைத்து மறுபடி ஓடவிடுவார்கள். மெமரி முகவரி வழியாகப் பேசினாலும் கதை அதேதான். அந்த முகவரிக்குப் பின்னால் மெமரியை வைக்காமல் வேண்டுமென்றே காலியாக விட்டிருப்பார்கள். தொட்டதும் மாட்டிக்கொள்ளும்.

கெஸ்ட்டுக்கு இடையில் நேரம் போனதே தெரியாது. கேட்டான், பதில் வந்தது. கவுண்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பது சிப்பா, இன்னொரு நிரலா என்று எட்டிப் பார்க்க வழியில்லை.

மெமரியைக் கண்டுபிடிப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். நிஜ போர்டில் ஃபர்ம்வேருக்கு மிகவும் பெண்டு நிமிர்த்தும் வேலை இதுதான். ரேம் குச்சியில் ஒட்டியிருக்கும் சின்ன சிப்பிலிருந்து அதன் ஜாதகத்தைப் படித்து, மின்சமிக்ஞைகளின் நேரத்தை நூலிழை அளவில் சரிசெய்து, அதற்குப் பிறகுதான் ரேம் பயன்பாட்டுக்கு வரும். விர்ச்சுவல் மெஷினில் ரேம் என்பது ஹோஸ்ட்டிடம் க்யூஎமு கேட்டு வாங்கிய ஒரு மெமரித் துண்டு, முதல் நொடியிலிருந்தே தயார். எவ்வளவு என்று மட்டும் தெரிந்தால் போதும். அதைத் தெரிவிக்க ஆரம்ப காலத்தில் கையாண்ட வழியைப் பாருங்கள்: 1984இல் வந்த ஐபிஎம் ஏடி காலத்துக் கடிகார சிப்பில் பேட்டரியின் தயவில் அழியாமல் இருக்கும் சில பைட்கள் உண்டு. அவற்றில் இரண்டில், 64 கேபி ஒரு அலகு என்ற கணக்கில் மெமரி அளவை எழுதி வைத்துவிடுவது. அதாவது கடிகாரம் இல்லாத இடத்தில் ஒரு கடிகாரத்தை நடிக்கவைத்து, அதன் சட்டைப்பையில் ஒரு துண்டுச்சீட்டைச் செருகி வைத்திருக்கிறார்கள்!

கார்டுகளைத் தேடும் படலம் இதைவிடச் சுவை. பிசிஐ என்ற அமைப்பில் ஒவ்வொரு சாதனத்துக்கும் பஸ் எண், சாதன எண், ஃபங்ஷன் எண் என்று ஒரு விலாசம் உண்டு. சிஎஃப்8 என்ற போர்ட்டில் விலாசத்தை எழுதினால் சிஎஃப்சி என்ற போர்ட்டில் பதில் கிடைக்கும். முதல் கேள்வி எப்போதும் "நீ யார்?". யாரும் இல்லாத விலாசம் என்றால் பதிலில் எல்லா பிட்டும் 1. இருந்தால் தயாரிப்பாளர் எண் வரும். க்யூஎமுவில் முதல் விலாசத்தில் கதவைத் தட்டினால் "8086, 1237" என்று பதில். 8086 இன்டெல்லின் எண் (அவர்களுக்கும் நகைச்சுவை உண்டு). 1237 என்பது 1996இல் பென்டியம் ப்ரோவுக்காக வந்த 440எஃப்எக்ஸ் சிப்செட். தொழிற்சாலையில் அதைச் செய்வதை நிறுத்தி எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் பல வருடங்களாக உலகெங்கும் டேட்டா சென்டர்களில் விர்ச்சுவல் மெஷின்கள் பிறந்ததும் சந்தித்த முதல் முகம் அதுதான். க்யூ35 என்ற 2007ஆம் வருட சிப்செட்டையும் க்யூஎமு நடிக்கும். புதியது என்று பெயர், அவ்வளவுதான்.

ஆள் இருக்கிறது என்று தெரிந்ததும் அடுத்த கேள்வி, "உனக்கு எவ்வளவு இடம் வேண்டும்?". இதைக் கேட்கும் முறை அழகானது. சாதனத்தின் முகவரி ரெஜிஸ்டரில் எல்லா பிட்டிலும் 1 எழுதிவிட்டுத் திரும்பப் படிக்க வேண்டும். சாதனம் தனக்குத் தேவையான இடத்தின் அளவுக்குக் கீழ் பிட்களைப் பிடிவாதமாக 0ஆகவே வைத்திருக்கும். 4 கேபி வேண்டும் என்றால் கடைசி 12 பிட்கள் 0. ஃபர்ம்வேர் அதைக் கணக்குப் போட்டு, காலியாக இருக்கும் முகவரியில் இடம் ஒதுக்கி, அந்த எண்ணை அதே ரெஜிஸ்டரில் எழுதும். நிஜ சிப்பில் அந்தப் பிட்கள் சுற்றிலேயே கட்டிப்போடப்பட்டவை. க்யூஎமுவில் எந்த பிட்டை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது என்று ஒரு முகமூடி எண் வைத்திருக்கிறார்கள், எழுத வரும் மதிப்பை அதன் வழியாக வடிகட்டுகிறார்கள். நிரல் எழுதியவர் நினைத்தால் சுருக்கமாக "4 கேபி" என்று சொல்லிவிட்டிருக்கலாம். ஆனால் எதிரே இருப்பவருக்குத் தெரிந்தது அந்தச் சடங்கு மட்டும்தான், எனவே சடங்கை முழுதாக நடத்தியாக வேண்டும்.

எல்லாச் சடங்கும் இவ்வளவு அழகில்லை. ஏ20 கதையைக் கேட்டால் தலை சுற்றும். 1981இல் வந்த ஐபிஎம் பிசியில் முகவரிக் கம்பிகள் 20, எனவே 1 எம்பி வரைதான். அதைத் தாண்டினால் மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து ஆரம்பிக்கும். சில நிரல்கள் இதையே நம்பி எழுதப்பட்டன. ஏடி மாடலில் கம்பிகள் 24 ஆனபோது அந்த நிரல்கள் உடையக்கூடாதே என்று 21ஆவது கம்பிக்கு ஒரு தாழ்ப்பாள் வைத்தார்கள் (0இலிருந்து எண்ணுவதால் அதன் பெயர் ஏ20). தாழ்ப்பாளைத் திறக்கும் பொறுப்பை யாரிடம் கொடுப்பது? கீபோர்டு கன்ட்ரோலர் சிப்பில் ஒரு கால் சும்மா இருந்தது, அதில் கட்டிவிட்டார்கள். மெமரியின் கதவுக்குக் காவல்காரன் கீபோர்டு! இந்த ஏற்பாட்டையும் எமுலேட்டர்கள் கர்மசிரத்தையாக நடித்துக் காட்டின. இல்லாத கம்பிக்கு, இல்லாத தாழ்ப்பாள், அதைத் திறக்க இல்லாத கீபோர்டு :)

இப்படியே எல்லாவற்றையும் நடித்துக்கொண்டிருந்தால் கட்டுப்படியாகாது என்பது சீக்கிரமே புரிந்தது. டிஸ்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ஐடிஇ முறையில் ஒரு செக்டாரைப் படிக்கச் சொல்லவே ஐந்தாறு போர்ட்களில் தனித்தனியாக எழுத வேண்டும். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு உறைதல், ஒரு விசாரணை. அதற்குப் பதிலாக வந்தது விர்ட்ஐஓ, 2008இல் ரஸ்டி ரஸ்ஸல் என்ற லினக்ஸ்காரர் முன்வைத்தது. வேண்டியதையெல்லாம் மெமரியில் ஒரு பட்டியலாக எழுதி வைத்துவிட்டு ஒரே ஒரு தடவை மணி அடித்தால் போதும். விர்ட்ஐஓ சாதனத்திடம் "நீ யார்?" என்று கேட்டால் 1ஏஎஃப்4 என்று பதில் வரும். இது எந்த சிப் கம்பெனியையும் நகல் எடுத்ததில்லை, "நான் மெய்நிகர்ச் சாதனம்தான்" என்ற பகிரங்க அறிவிப்பு. சீபயாஸ் இந்த மொழியையும் கற்றுக்கொண்டிருக்கிறது. பூட்லோடர் வழக்கம்போல 13ஆம் இன்டர்ரப்ட் வழியாகப் பழைய பாணியில் டிஸ்க் கேட்கும், சீபயாஸ் அதை வாங்கி விர்ட்ஐஓ பட்டியலாக மொழிபெயர்த்து அனுப்பும்.

இன்னும் நேரடியான வழி ஒன்று க்யூஎமுவில் இருக்கிறது. பெயர் எஃப்டபிள்யூ_சிஎஃப்ஜி. வாயில் நுழையாத பெயர், ஆனால் இந்தக் கதையில் மிக நேர்மையான பாத்திரம் அதுதான். 510ஆம் போர்ட்டில் எந்த ஐட்டம் வேண்டும் என்று எழுத வேண்டும், 511இல் பதிலை ஒவ்வொரு பைட்டாக வாங்கிக்கொள்ள வேண்டும். முதல் ஐட்டத்தைக் கேட்டால் க்யூ, இ, எம், யூ என்று நாலு எழுத்து வரும். வந்தால் எதிரே இருப்பது யார் என்று ஃபர்ம்வேருக்கு உறுதி. அதன்பிறகு ஒளிவுமறைவே கிடையாது. மெமரி வரைபடம் இதோ, பிராசசர் எண்ணிக்கை இதோ, எதிலிருந்து பூட் செய்ய வேண்டும் என்ற வரிசை இதோ. வேண்டுமென்றால் லினக்ஸ் கெர்னலையே இந்தக் கவுண்ட்டர் வழியாகத் தள்ளிவிடலாம். கோடவுனில் மூட்டை மூட்டையாக எண்ணிக்கொண்டிருந்த குமாஸ்தாவைக் கூப்பிட்டு, "எதற்கு இந்தச் சிரமம், ஸ்டாக் ரிஜிஸ்டர் என்னிடம் இருக்கிறது, காப்பி எடுத்துக்கொள்" என்று சொன்னது போல.

ஏசிபிஐ பட்டியல்களும் இந்த வழிக்கே வந்து சேர்ந்தன. எந்த வன்பொருள் எங்கே இருக்கிறது, எப்படித் தூங்கவைப்பது, எப்படி அணைப்பது என்று இயங்குதளத்துக்கு ஃபர்ம்வேர் கொடுக்கும் ஆவணம்தான் ஏசிபிஐ. முதலில் சீபயாஸே அதைத் தயாரித்தது. விளைவு, க்யூஎமுவில் ஒரு சாதனம் புதிதாக வந்தால் சீபயாஸையும் திருத்த வேண்டும். 2013இல் க்யூஎமு 1.7 வந்தபோது தயாரிப்பைக் க்யூஎமுவே ஏற்றுக்கொண்டது. ஃபர்ம்வேருக்கு மிச்சம் இருப்பது, தயாராக வரும் தாள்களை மெமரியில் இடம் பார்த்து வைத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு முகவரி கோத்து, கூட்டுத்தொகை சரிபார்ப்பைப் போடுவது மட்டும். அதற்கும் ஒவ்வொரு அடியாகக் குறிப்பு எழுதியே அனுப்புகிறார்கள். தபால்காரர் வேலைதான்.

இதெல்லாம் சரி, பழைய நடிப்புகளை என்ன செய்தார்கள்? அப்படியே இருந்தன. யாராவது பழைய இயங்குதளம் கேட்கலாம், எதற்கு வம்பு என்ற எண்ணம். அந்த எண்ணத்துக்கு 2015 மே மாதம் பில் வந்தது.

கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் ஆய்வாளர் ஜேசன் கெஃப்னர் கண்டுபிடித்த அந்த ஓட்டைக்கு வெனம் என்று பெயர் வைத்தார்கள். இடம், க்யூஎமுவின் ஃபிளாப்பி டிஸ்க் கன்ட்ரோலர்! ஃபிளாப்பியாக நடிக்கும் நிரல், வரும் கட்டளைகளை 512 பைட் கொண்ட ஒரு பஃபரில் சேர்த்து வைக்கும், கட்டளை முடிந்ததும் எண்ணும் முள்ளைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவரும். இரண்டே இரண்டு கட்டளைகளில் மட்டும் அந்த முள் சரியாகத் திரும்பவில்லை. அந்த வழியில் தொடர்ந்து பைட்களைத் தள்ளினால் பஃபர் நிரம்பி வழிந்து, க்யூஎமுவின் சொந்த மெமரி மேல் கொட்டும். க்யூஎமு ஓடுவது ஹோஸ்ட்டில். அதாவது வாடகைக்கு எடுத்த விர்ச்சுவல் மெஷினுக்குள் ரூட் அனுமதி உள்ள ஒருவர் சுவரை உடைத்து வீட்டுக்காரர் பக்கம் வரலாம், அங்கிருந்து பக்கத்துக் குடித்தனத்துக்கும் போகலாம். க்யூஎமுவின் நிரலைப் பயன்படுத்திய ஜென், விர்ச்சுவல்பாக்ஸ் எல்லாம் பாதிக்கப்பட்டன. அந்த நிரல் 2004இலிருந்து அங்கேயே இருந்தது. ஃபிளாப்பி வேண்டாம் என்று அமைப்பில் சொல்லியிருந்தாலும் ஜென்னிலும் க்யூஎமுவிலும் அந்த கன்ட்ரோலர் நிரல் உயிரோடுதான் இருந்தது.

பதினோரு வருடம் யாரும் பயன்படுத்தாத சரக்குக்கு ஏன் இடம் கொடுத்தார்கள் என்று கேட்பது சுலபம். ஆனால் ஃபர்ம்வேர் முதல் இயங்குதளம் வரை எல்லோரும் "ஃபிளாப்பி இருக்கும்" என்று நம்பும் உலகில் அதைத் தூக்கி எறிய யாருக்குத் துணிச்சல் வரும்? பொய் சொல்வதில் உள்ள செலவே இதுதான். ஒரு தடவை நடித்துவிட்டால், நம்பியவர் கடைசி ஆள் போகும்வரை நடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அமேசான் 2018இல் வெளியிட்ட ஃபயர்கிராக்கர் துணிந்து பாதி வீட்டைக் காலி செய்தது. அதில் பயாஸே கிடையாது. லினக்ஸ் கெர்னலை மெமரியில் வைத்து நேரே ஓடவிடுவார்கள். சாதனங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை: விர்ட்ஐஓ வகையில் சில, ஒரு சீரியல் கன்சோல், அப்புறம் கீபோர்டு கன்ட்ரோலர். ஆமாம், அந்தக் கன்ட்ரோலர் இங்கேயும்! தட்டெழுத அல்ல. ஏடி காலத்தில் பிராசசரை ரீசெட் செய்யும் கம்பியையும் அதே சிப்பில்தான் கட்டியிருந்தார்கள், லினக்ஸுக்கு அந்தப் பழக்கம் தெரியும். எனவே மெஷினை நிறுத்த மட்டும் அது தேவைப்பட்டது.

இவ்வளவு நேரமும் கேள்வி ஒரு பக்கமாகவே இருந்தது: கெஸ்ட் கெட்டவன் என்றால் ஹோஸ்ட் எப்படித் தப்பிக்கும்? கொஞ்ச வருடங்களாகக் கேள்வி திரும்பியிருக்கிறது. ஒரு மருத்துவமனையோ வங்கியோ தன் தரவை யாரோ ஒருவரின் டேட்டா சென்டரில் ஓட்டுகிறது. அங்கே ஹோஸ்ட்டை நம்பலாமா? ஏஎம்டி 2017இல் எபிக் பிராசசர்களோடு கொண்டுவந்த எஸ்இவி இதற்கான பதில். கெஸ்ட்டின் மெமரி முழுதும் பிராசசருக்கு மட்டுமே தெரிந்த சாவியால் பூட்டப்படும். இன்டெல்லும் டிடிஎக்ஸ் என்று ஒன்றை வைத்திருக்கிறது.

ஆனால் சாதனங்கள்? அவை இன்னமும் ஹோஸ்ட்டில் ஓடும் நிரல்கள்தானே. பூட்டிய மெமரியை அவை படிக்க முடியாது. அதனால் ஓவிஎம்எஃப் (க்யூஎமுவுக்கான யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேர்) டிஸ்க்கோடு பேச வேண்டுமானால், பூட்டாத ஒரு பகுதியைத் தனியே ஒதுக்கி, தரவை அங்கே நகல் எடுத்து வைக்கிறது. ரெஜிஸ்டர்களையும் பூட்டும் எஸ்இவி-இஎஸ் வகையில் இன்னும் கஷ்டம். கவுண்ட்டரில் எண்ணைத் தள்ளினால் ஹோஸ்ட்டால் அந்த எண்ணைப் பார்க்கவே முடியாது. எனவே போர்ட்டைத் தொட்டதும் பிராசசர் ஹோஸ்ட்டிடம் போகாமல் கெஸ்ட்டுக்குள்ளேயே ஒரு விதிவிலக்கை எழுப்பும். ஃபர்ம்வேரில் அதற்கென்று இருக்கும் ஒரு பகுதி, எந்த போர்ட், எத்தனை பைட், என்ன மதிப்பு என்பதை மட்டும் ஒரு பொதுப் பக்கத்தில் எழுதி, பிறகு தானாகவே ஹோஸ்ட்டைக் கூப்பிடும். உறைந்துபோனதே தெரியாமல் ஏமாந்துகொண்டிருந்த குமாஸ்தா, இப்போது எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்று தானே முடிவு செய்கிறான்.

பதிலாக வருவதை நம்புவதா என்பது வேறு. ஏசிபிஐ தாள்களுக்குள் வெறும் பட்டியல் மட்டும் இல்லை, ஏஎம்எல் என்ற வடிவில் சின்னச் சின்ன நிரல்களும் உண்டு. கெஸ்ட்டின் கெர்னல் தன் முழு அதிகாரத்தோடு அவற்றை ஓட்டும். க்யூஎமுவில் அந்தத் தாள்களை எஃப்டபிள்யூ_சிஎஃப்ஜி கவுண்ட்டர் வழியாக எழுதிக் கொடுப்பது ஹோஸ்ட்தான்.